கடல் மட்டத்திலிருந்து கிளிமஞ்சாரோவுக்கு: ஜோடியாக மலை ஏற நினைப்பவர்களுக்கு

உயர்மலை ஏற்றத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்களுக்கு ஒரு பாதகம் உண்டு. நாம் குடியிருப்பது கடல் மட்டத்தில். ஜொகானஸ்பர்க்கில் இருப்பவர்கள் தினமும் படுத்துத் தூங்குவதே சுமார் 1,700 மீட்டர் உயரத்தில்தான். அதனால் அங்கே இருக்கும் மச்சான் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வேலை, பிள்ளைகள், கோயில் என்று ஓடிக்கொண்டிருந்தவர்கள்தான். தான்சானியாவின் கிளிமஞ்சாரோ (5,895 மீட்டர்) போய் வந்ததிலிருந்து, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட "எப்படித் தொடங்கினீங்க?" என்று கேட்கிறார்கள். இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். எடை குறைப்பது, காலையில் எழுந்து நடப்பது பற்றியெல்லாம் இதில் இருக்காது. அதெல்லாம் ஏற்கெனவே செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: இறங்கப் பழகுங்கள்

கடற்கரை நடைபாதை போதாது, அது சமதளம். கிரான்ஸ்க்ளூஃப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறுங்கள். முதுகுப்பையில் எடைக்குத் தண்ணீர் பாட்டில்களையே வையுங்கள். ஏறி முடித்ததும் முழங்கால் முனகினால், தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கலாம். கல்லை வைத்தால் இந்த வசதி இல்லை.

ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் கால் நகம் கறுத்துப்போகும். நடைக்கோல் இரண்டு வேண்டும். ஒன்றை மட்டும் வாங்குவது வீண் செலவு. கடுங்குளிருக்கான படுக்கைப்பையை வாடகைக்கு எடுங்கள், வாங்க வேண்டாம். கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் பிடிக்காதீர்கள்.

படி 2: சானி கணவாயில் இரவு தங்குங்கள்

டிராகன்ஸ்பர்க் மலைக்கு ஒருநாள் போய்விட்டு ராத்திரி வீடு திரும்புவதால் கால் பலப்படும், ஆனால் உடம்பு உயரத்துக்குப் பழகாது. மேலே தூங்கினால்தான் பழகும்.

வெள்ளிக்கிழமை மாலை மலையடிவார ஊரான அண்டர்பர்க் போய்த் தங்குங்கள்; அது சுமார் 1,500 மீட்டர். மறுநாள் ஃபோர் பை ஃபோர் வண்டியில் சானி கணவாய் ஏறுங்கள். உச்சியில் இருப்பது லெசோத்தோ நாடு, பாஸ்போர்ட் வேண்டும். மேலே 2,874 மீட்டரில் விடுதி இருக்கிறது. அங்கே இரண்டு இரவு தங்க முடிந்தால், நடுநாளில் வழிகாட்டியோடு தபானா நிட்லென்யானா ஏறலாம். 3,482 மீட்டர், தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியிலேயே அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. செங்குத்து ஒன்றுமில்லை, ஆனால் நாள் முழுக்க நடை. மூடுபனி இறங்கினால் எல்லா மேடும் ஒரே மாதிரி தெரியும். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல், ஆகவே அதிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

படி 3: ஒப்பந்தத்தை வீட்டிலேயே போட்டுவிடுங்கள்

எங்களைத் தடுக்கி விழ வைத்த இடம் இதுதான், அதனால் நீட்டி எழுதுகிறேன்.

உயரத்தில் வரும் மலைநோய் ஆளைப் பார்த்து வருவதில்லை. காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்தை ஓடியவருக்குத் தலை வெடிக்கும், கூட வந்தவர் சும்மா இருப்பார். வீட்டில் அதிக பலசாலி என் வீட்டுக்காரர். வருஷா வருஷம் காவடி எடுக்கும் தோள். சானியில் முதல் ராத்திரி அவர் தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

"என்னங்க, தலை வலிக்குதா?"

"ஒன்னுமில்ல. பசிக்கல."

பருப்புச் சோற்றை மிச்சம் வைக்கிற மனுஷன் இல்லை அவர். ஆனால் "ஒன்னுமில்ல" என்ற பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அன்றிலிருந்து பொத்தாம்பொதுவாகக் கேட்பதில்லை, லேக் லூயிஸ் கணக்கைத்தான் போடுகிறோம். மலைநோயை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் முறை அது.

மேலே வந்து ஆறு மணி நேரம் ஆனபின், ஒருவரை ஒருவர் நான்கு விஷயம் கேட்க வேண்டும்: தலைவலி; வயிறு (பசியின்மை, குமட்டல், வாந்தி); அசதி; தலைச்சுற்றல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண்ணாகத்தான் பதில் வரவேண்டும். தலைவலியும் இருந்து மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மலைநோய். முன்பு தூக்கம் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது, 2018இல் எடுத்துவிட்டார்கள். உயரத்தில் யாருக்குமே தூக்கம் சரியாக வராது, அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

அவருக்குத் தலைவலி 1, வயிறு 1, அசதி 1. மறுநாள் சிகரம் போகவில்லை. விடுதியைச் சுற்றியே மெதுவாக நடந்தோம், சாயங்காலம் சரியாகிவிட்டது. விதி அவ்வளவுதான்: அறிகுறி இருக்கும்போது அதற்கு மேல் ஏறக்கூடாது, குறையாவிட்டால் இறங்க வேண்டும். கோட்டில் நடப்பதுபோல் குதிகாலும் விரலும் ஒட்ட நேராக நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில். இரண்டிலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே இறங்குங்கள்.

அப்புறம் ஒப்பந்தம். ஒருவர் இறங்கினால் மற்றவர் என்ன செய்வது? மேலே போய் இதைப் பேசாதீர்கள். செலவழித்த பணம், ரோஷம், பிராணவாயுக் குறைவு மூன்றும் சேர்ந்துதான் அங்கே முடிவெடுக்கும். எங்களுடையது இது: லேசான உபாதை என்றால் ஒருவர் துணை வழிகாட்டியோடு இறங்கலாம், மற்றவர் போகலாம், மனஸ்தாபம் கூடாது. வாந்தி, தள்ளாட்டம் என்றால் இருவரும் இறங்க வேண்டும்.

இத்தாலியின் நிவெஸ் மெரோய், ரொமானோ பெனெட் தம்பதி 2009இல் கஞ்சன்ஜங்காவில் இருந்தார்கள். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களையும் தொடும் முதல் பெண் யார் என்ற போட்டி நடந்த காலம். நிவெஸும் அதில் முன்னணியில் இருந்தார். கணவருக்கு முடியாமல் போனதும் அவரும் திரும்பி இறங்கிவிட்டார். கணவருக்கு இருந்தது கடுமையான ரத்த நோய். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு, 2014இல் அதே மலையை இருவரும் சேர்ந்தே ஏறினார்கள். 2017இல் அன்னபூர்ணாவோடு 14ஐயும் முடித்தார்கள், ஆக்சிஜன் உருளை இல்லாமல். ஆக, மலை எங்கேயும் போய்விடாது.

படி 4: நாளைக் குறைக்காதீர்கள்

கிளிமஞ்சாரோவில் வழிகாட்டி கட்டாயம். ஐந்து நாளில் ஏற்றி இறக்கும் மலிவுத் திட்டங்கள் இருக்கின்றன; நான் சிபாரிசு செய்யமாட்டேன். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது பொதுவான அறிவுரை, அவசரத் திட்டத்தில் அது நடக்காது. என் தேர்வு லெமோஷோ பாதை, எட்டு நாள். அதில் பகலில் சுமார் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் வரை ஏறி, ராத்திரி சுமார் 3,900 மீட்டரில் பரான்கோவுக்கு இறங்கித் தூங்கலாம். வழிகாட்டிகள் "போலே போலே" (மெதுவா, மெதுவா) என்பார்கள். நமக்கு எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக நடப்பதுதான் அங்கே சரியான வேகம்.

சிகர இரவில் தண்ணீர்க் குழாய் வைத்த பை வேண்டாம், குழாய் உறைந்துவிடும். அகலவாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலே இருக்கும் பக்கத்தில்தான் முதலில் பிடிக்கும், மூடி தப்பிக்கும். எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் கொண்டுபோங்கள். பசி செத்துப்போன உயரத்தில் எங்களுக்குச் சோற்றை இறக்கியது அதுதான்.

பிறகு சேர்த்தது

மலைநோயைத் தடுக்கும் டையமாக்ஸ் மாத்திரை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், தினம் இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. டாக்டர் சீட்டோடுதான் எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும். வீட்டில் ஓரிரு நாள் போட்டுப் பார்த்துவிட்டால் மேலே போய்ப் பதற வேண்டியதில்லை.

புரட்டாசி விரதத்தோடு போகலாமா என்றால், சைவம் பிரச்சினையில்லை, பட்டினி வேண்டாம்.

சர்க்கரைக்காரர்கள் டாக்டரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். கடுங்குளிரில் குளுக்கோமீட்டர் தவறாகக் காட்டலாம். இன்சுலினை முதுகுப்பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் திரும்ப உருகினாலும் போடக்கூடாது. அதனால் இருப்பில் பாதியைத் துணையின் சட்டைக்குள் கொடுத்து வையுங்கள்.