ஓட்டமா, அடியா? சிமுலேஷன் பேஸ்பால் லீகில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிமுலேஷன் பேஸ்பால் லீக் என்றால், உண்மையான ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரங்களை வைத்து அணி கட்டி மோதும் விளையாட்டு. அதில் புதிதாகச் சேருகிறவர்கள், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாளிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஒருவர் ஓட்டக்காரர்களாகப் பார்த்துப் பொறுக்குவார். இன்னொருவர் ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது) பட்டியலின் மேல்வரிசையை அப்படியே அள்ளுவார். இருவரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில், இன்னிங்ஸுக்கு மூன்று வீதம், கையில் இருப்பது 27 அவுட். அதை எதற்குச் செலவழிக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

முதல் தவறு, எத்தனை ஸ்டீல் என்று மட்டும் பார்ப்பது. நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன்; பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுவதுதான் ஸ்டீல், பிடிபட்டால் அவுட். எத்தனை முறை பிடிபட்டார் என்பது பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கும். அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் ரிக்கி ஹெண்டர்சன் 1982-ல் 130 பேஸ் திருடினார். 42 முறை பிடிபட்டார். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2010-களின் மேஜர் லீக் சராசரிப்படி, அவுட் எதுவும் விழாமல் முதல் பேஸில் ஆள் நின்றால் அந்த இன்னிங்ஸில் சுமார் 0.86 ரன் எதிர்பார்க்கலாம். அவர் இரண்டாம் பேஸைத் திருடிவிட்டால் 1.10. பிடிபட்டால் பேஸும் காலி, ஒரு அவுட்டும் போச்சு: 0.25. அதாவது தப்பினால் வருவது 0.24, மாட்டினால் போவது 0.61. நூற்றுக்கு 72 முறையாவது தப்பினால்தான் முதலுக்கு மோசமில்லை. ஹெண்டர்சனின் 130-ஐயும் 42-ஐயும் இதே அளவுகோலில் வைத்தால் நிகர லாபம் ஆறு ரன்கூடத் தேறாது. அந்த ஆண்டு அவரைப் பெரிய ஆட்டக்காரராக்கியது அவர் வாங்கிய 116 வாக்தான் (தவறான பந்து நான்கு வந்தால் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) என்பேன்.

இரண்டாவது தவறு இதிலிருந்தே வருகிறது: பேஸுக்கே போகாத ஓட்டக்காரரை பேட்டிங் வரிசையின் முதல் இடத்தில் போடுவது. இதற்கு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை விடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. 1985-ல் அவர்கள் அடித்தது 87 ஹோம் ரன்தான். திருடியது 314 பேஸ். 747 ரன் எடுத்து 101 ஆட்டங்களில் வென்றார்கள். ஓடியே ஜெயித்தார்கள் என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் ஆன்-பேஸ் சராசரியில் (பேட் பிடித்த முறைகளில் எத்தனை பங்கு பேஸுக்குப் போனார்கள் என்ற கணக்கு) அந்த ஆண்டு, மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் முதலிடமும் அவர்களுக்கே. அடுத்த ஆண்டும் 262 ஸ்டீல். ரன் மட்டும் 601-க்கு இறங்கி லீகிலேயே கடைசி. அவர்கள் வரிசையின் முதல் ஆள் வின்ஸ் கோல்மேன் அந்த ஆண்டு 107 பேஸ் திருடி 14 முறைதான் பிடிபட்டார். குறை சொல்ல முடியாத ஓட்டம். ஆனால் அவருடைய ஆன்-பேஸ் சராசரி .301. கால் அதேதான், பேஸுக்கு வந்த ஆட்கள்தான் குறைந்துபோனார்கள்.

சரி, அடிக்கிற அணிக்கு வருவோம். என் அணி ஒரு ஆட்டத்தில் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. எட்டாவது இன்னிங்ஸ், முதல் பேஸில் ஆள், பேட்டுடன் நின்றவர் அணியின் பெரிய அடிக்காரர். முதல் பேஸில் இருந்தவர் ஸ்டீலுக்குப் போய் மாட்டிக்கொண்டார். அடுத்த பந்தே ஹோம் ரன். இரண்டு ரன் வரவேண்டிய இடத்தில் ஒன்று. பத்தாவது இன்னிங்ஸில் தோற்றோம். ஹோம் ரன் அடித்தால் முதல் பேஸில் நிற்பவரும் நடந்தே வரலாம். அங்கே ரிஸ்க் எடுக்க என்ன அவசியம்? ஸ்டீல் பலித்தாலும் முதல் பேஸ் காலியாகி, எதிரணி அடிக்காரருக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்துவிடும். ஒற்றை அடி (ஒரு பேஸ் மட்டும் கிடைக்கும் அடி) மட்டும் அடிக்கிறவர்களுக்கு முன்னால்தான் ஸ்டீலுக்கு மதிப்பு அதிகம்.

மைதானத்தையும் காலத்தையும் பார்க்காமல் அணி கட்டுவதும் பெருந்தவறு. 162 ஆட்டங்களில் 81 சொந்த மைதானத்தில். ஹோம் ரனை விழுங்கும் மைதானத்தை வைத்துக்கொண்டு அடிக்காரர்களுக்குக் கொட்டிக் கொடுப்பதில் பயனில்லை. 1968-ல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 3.42 ரன் எடுத்தது, 2000-ல் 5.14. ரன் அரிதான காலத்தைப் பின்னணியாக வைத்த லீகில் ஒரு பேஸ் முன்னேறுவது பெரிய விஷயம். ரன் கொட்டும் காலத்தில் அவுட்டைப் பணயம் வைப்பது நஷ்டம்.

அப்புறம், வேகம் என்றால் ஸ்டீல் மட்டும் இல்லை. ஒற்றை அடியில் முதல் பேஸிலிருந்து மூன்றாவதுக்குப் போவதும், சென்டர் ஃபீல்டில் தூரப் பந்தைப் பிடிப்பதும் அதே கால்கள்தான். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற சிமுலேஷன் விளையாட்டில் ஸ்டீலுக்கு ஒரு மதிப்பீடும் ஓட்டத்துக்கு 8 முதல் 17 வரை வேறொரு மதிப்பீடும் தனித்தனியாக இருப்பது இதனால்தான். ஸ்டீல் பெரிதாக இல்லாத, 16 ஓட்ட மதிப்பீடு உள்ள ஆட்டக்காரர் டிராஃப்டில் பின்சுற்று வரை கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஸ்டீல் முயற்சி அளவை அணி முழுவதற்கும் ஒரே மாதிரி ஏற்றிவைக்காதீர்கள். உங்கள் லீகின் மென்பொருள் ஆள்வாரியாக மாற்ற விட்டால், ஸ்டீலில் நூற்றுக்கு 72 முறைக்குக் கீழே தப்புகிற எல்லோருக்கும் இன்றே குறைத்துவிடுங்கள்.