"பிக் பண்ண வாறன்": இதில் 'அப்' எங்கே போனது?

திருகோணமலை பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால், "நில்லுங்கோ, வந்து பிக் பண்ணுறன்" என்று யாராவது போனில் சொல்வது காதில் விழும். தமிழ்ப் பேச்சில் அதில் பிழையில்லை. அதையே ஆங்கிலத்தில் "ஐ வில் பிக் யூ" என்றால், "உங்களைத் தெரிவு செய்வேன்" என்றாகிவிடும். ஏற்றிக்கொண்டு போக வருவதைச் சொல்ல 'அப்' கட்டாயம்.

படி 1: மூலப் பொருளைப் பிடியுங்கள். நிலாவெளிக் கரையில் கிடக்கும் சிப்பியைக் குனிந்து கையில் எடுக்கிறோமே, அதுதான் 'பிக் அப்'.

படி 2: எதை எடுக்கிறோம் என்று பாருங்கள். போன் என்றால் அழைப்புக்குப் பதில் சொல்வது. பாண் என்றால் வரும் வழியில் வாங்கி வருவது. தடிமன் என்றால் தொற்றிக்கொள்வது. மொழி என்றால், சந்தையில் கேட்டுக் கேட்டே சிங்களம் பழகுவதைப்போல, வகுப்பில்லாமல் பிடித்துக்கொள்வது. பரீட்சைக்கு இருந்து படிப்பதற்கு இது பொருந்தாது. அங்கே 'லேர்ன்' போடுங்கள்.

படி 3: எதை எடுக்கிறோம் என்று ஒன்றுமே சொல்லாவிட்டால், பெரும்பாலும் மந்தமாக இருந்தது வேகம் பிடிக்கிறது என்று பொருள். புறாத்தீவுக்குப் போகும் வெளிநாட்டுக்காரரிடம் படகோட்டி, "தி விண்ட் பிக்ஸ் அப் ஆஃப்டர் நூன்" என்றால், மத்தியானத்துக்குப் பிறகு காற்று பலக்கும் என்கிறார். உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துபவர், "பிஸ்னஸ் பிக்ஸ் அப் இன் மே" என்பதும் இதே வகைதான்.

படி 4: சொல் வரிசை. நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான், ஆறுதலாகப் பாருங்கள். பெயர்ச்சொல் என்றால் இரண்டு விதமும் சரி: "பிக் அப் த போன்", "பிக் த போன் அப்". 'இட்', 'ஹிம்', 'யூ' போன்ற சுட்டுச் சொற்களோ நடுவில்தான் உட்காரும்: "பிக் இட் அப்", "பிக் யூ அப்". "பிக் அப் யூ" பிழை. 'இரவு ரயிலில் வந்த விருந்தினர்கள்' போல நீண்ட தொடர் வந்தால் அதை நடுவில் திணிக்காதீர்கள். 'அப்' முதலில் வரட்டும்.

ஓட்டோ ஓட்டுபவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். "ஐ வில் பிக் யூ அப் அட் செவன்" மரியாதையான வசனம், தயங்காமல் சொல்லலாம். ஆனால் "பிக் அப் கேர்ள்ஸ்" என்றால் முன்பின் தெரியாத பெண்களைத் தன்பக்கம் இழுக்கப் பார்ப்பது என்று எடுத்துக்கொள்வார்கள். பெண் பயணிகளை ஏற்றப் போவதைச் சொல்ல 'பாசஞ்சர்ஸ்' அல்லது 'கெஸ்ட்ஸ்' போடுங்கள்.

படி 5: உச்சரிப்பு. இறந்தகாலத்தில் 'பிக்கெட் அப்' என்று உடைக்காமல் 'பிக்டப்' என்று ஒட்டிச் சொல்லுங்கள். வினையாக வரும்போது பெரும்பாலும் 'அப்'பில் அழுத்தம் விழும். பிக்கப் வாகனத்தைச் சொல்லும்போது 'பிக்'கில்.

பயிற்சி: "மகளை ரியூசனால 6 மணிக்கு ஏத்தவேணும். அவளை ஆர் ஏத்துறது?" முதல் வசனத்தில் 'மை டோட்டர்' இரண்டு இடத்திலும் நிற்கலாம். இரண்டாவதில் "ஹூ வில் பிக் ஹெர் அப்?" மட்டும்தான்.