கிரேட் ஓஷன் ரோட்டில் கேம்பர்வேன்: நண்பர்களோடு குறைந்த செலவில் போய்வர

மெல்பர்னிலிருந்து கிரேட் ஓஷன் ரோட்டுக்குப் போகிற நம்மாட்களில் பாதிப்பேர் விடியற்காலை காரை எடுத்து, மதிய வெயிலில் ட்வெல்வ் அப்போஸல்ஸ் பாறைகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு, ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் தெற்குக் கடலோரமாக டார்க்கியில் தொடங்கி வார்ணம்பூலுக்குச் சற்று முன்னால் அலன்ஸ்ஃபோர்டில் முடிகிற 243 கிலோமீட்டர் சாலை அது. ஒரே நாளில் ஓட்டினால் கண்ணில் படுவது வளைவுகளும் முன்னால் போகிற டூர் பஸ்ஸின் பின்பக்கமும்தான். நான்கு பேர் சேர்ந்து படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து நான்கு ராத்திரி தங்கிப் போனால் அது வேறொரு பயணம், செலவும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஆகாது. காசு மிச்சமாவது வேன் வாடகையில் பேரம் பேசுவதால் இல்லை. ராத்திரி எங்கே வண்டியை நிறுத்துகிறீர்கள், எங்கே சமைக்கிறீர்கள் என்பதில்தான் அத்தனையும் இருக்கிறது.

முதலில் எப்போது போவது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்கவும், ஈஸ்டர் வாரத்திலும் போகாதீர்கள். வாடகை ஏறிவிடும், கேரவன் பார்க்குகளில் இடமே இருக்காது, சில இடங்களில் குறைந்தது இத்தனை ராத்திரி தங்கியாக வேண்டும் என்றும் சொல்வார்கள். பிப்ரவரி கடைசி, மார்ச், நவம்பர் எல்லாம் நல்ல நேரம். பணம்தான் முதல் கவலை என்றால் மே முதல் ஆகஸ்ட் வரை வாடகை நன்றாக இறங்கும், ஆனால் ஆட்வே மலைப்பக்கம் ராத்திரிக் குளிர் கடுமையாக இருக்கும், மழையும் விடாது. அதற்குத் துணிந்தவர்களுக்கு வார்ணம்பூல் லோகன்ஸ் பீச்சில் திமிங்கிலம் கிடைக்கும்: ஜூன் முதல் செப்டம்பர் வரை சதர்ன் ரைட் திமிங்கிலங்கள் குட்டி போட அங்கே கரையோரமாக வரும், பார்ப்பதற்கு மேடை கட்டி வைத்திருக்கிறார்கள், கட்டணம் கிடையாது.

வேன் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் 'நான்கு பேர் படுக்கலாம்' என்று போட்டிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். சீட் பெல்ட் எத்தனை என்று பாருங்கள், ஏனென்றால் இரண்டு பேருக்கான வேன்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று சீட்தான் இருக்கும், நாலாவது ஆள் பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு வருவதெல்லாம் சட்டப்படி முடியாது. நண்பர்கள் நான்கு பேருக்கு நான் சொல்வது இதுதான்: ஐந்து சீட் உள்ள டொயோட்டா ஹையேஸ் மாதிரியான சின்ன கேம்பர், அதோடு இரண்டு பேர் படுக்கிற ஒரு டென்ட். கழிப்பறையும் ஷவரும் உள்ள பெரிய மோட்டார்ஹோம் வேண்டாம். வாடகை இரண்டு மூன்று மடங்கு ஆகும், டீசலைக் குடிக்கும், லார்னுக்கும் அப்போலோ பேவுக்கும் நடுவில் உள்ள கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுகிறவருக்கு நிம்மதியே இருக்காது. உயரமும் ஒரு தொல்லை: சவுத் மெல்பர்னில் மான்டேகு தெரு டிராம் பாலத்தின் உயரம் வெறும் 3 மீட்டர், அதில் போய் முட்டுகிற வண்டிகள் செய்தியில் வந்துகொண்டே இருக்கும். பெரிய வண்டி எடுத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வாடகைக் காகிதத்தில் மூன்று விஷயங்களை உட்கார்ந்து படியுங்கள். விபத்து நடந்தால் உங்கள் கையிலிருந்து போகிற தொகை எவ்வளவு (பல ஆயிரம் டாலர் வரை இருக்கும், அதை முன்கூட்டியே கிரெடிட் கார்டில் பிடித்தும் வைப்பார்கள்), கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் ஆகிற சேதம் இன்ஷூரன்ஸில் வருமா, மண் ரோட்டில் போகலாமா. கடைசிக் கேள்வி இந்தப் பயணத்துக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் நல்ல முகாம் இடங்களில் சில மண் ரோட்டின் கோடியில்தான் இருக்கின்றன. பிறகு, வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போது சுற்றிவந்து வீடியோ எடுங்கள், கண்ணாடியையும் டயரையும் கூரையையும் சேர்த்து. ஊரிலிருந்து வந்தவர்கள் என்றால் ஆங்கிலத்தில் அச்சான இந்திய லைசென்ஸை வைத்து ஓட்டலாம், ஆனால் வாடகைக்காரர்கள் சிலர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்பார்கள், கிளம்பும் முன்பே எடுத்துக்கொள்வது நல்லது. 25 வயதுக்குக் கீழே உள்ளவர் ஓட்டினால் கூடுதல் கட்டணம் விழலாம், அதனால் ஓட்டுநர்களாக யார் பெயரைப் போடுவது என்று பேசி முடிவெடுங்கள்.

தேதியில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வாடகை நிறுவனங்களுக்குத் தங்கள் வண்டிகளை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் தேவைப்படும், அதற்கு ரீலொகேஷன் என்று பெயர், இமூவா, டிரான்ஸ்ஃபர்கார் போன்ற தளங்களில் பார்க்கலாம். அடிலெய்டிலிருந்து மெல்பர்னுக்கு அப்படி ஒன்று கிடைத்தால் நாளுக்கு ஒரு டாலர் மாதிரியான தொகையில் வண்டி கையில் வரும், வழியில் கிரேட் ஓஷன் ரோட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். கொடுக்கிற நாள்தான் குறைவு. கூட ஒரு நாள் காசு கொடுத்து வாங்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

மெல்பர்னில் கிளம்புகிறவர்கள் மேற்கே ஓட்டினால் கடல் எப்போதும் இடது கைப்பக்கம் இருக்கும், காட்சி முனைகளில் எதிர்த் தடத்தைக் குறுக்கே கடக்காமல் அப்படியே ஒதுக்கி நிறுத்தலாம். ஏர்போர்ட் பக்கம் வண்டி எடுத்தால் சிட்டிலிங்க் சுங்கச்சாலையில் ஏறாமல் வெஸ்டர்ன் ரிங் ரோடு வழியாகப் போங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. போகிற வழியில் டார்னீட், வெரிபி பக்கம் இந்தியக் கடைகள் நிறைய இருக்கின்றன. மாவு, பரோட்டா, இட்லிப்பொடி, ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் அங்கேயே முடித்துவிடுங்கள். அரிசி, காய், முட்டையை ஜீலாங்கிலோ டார்க்கியிலோ உள்ள பெரிய சூப்பர்மார்க்கெட்டில் வாங்கலாம். அதைத் தாண்டிவிட்டால் சின்னக் கடைகள்தான், விலை கூடுதல். டேங்கையும் ஜீலாங்கில் நிரப்பிக்கொள்ளுங்கள், அப்போலோ பேவிலும் லேவர்ஸ் ஹில்லிலும் எரிபொருள் கிடைக்கும் என்றாலும் அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ராத்திரி. சாலையோரக் காட்சி முனைகளிலும் பீச் பார்க்கிங்கிலும் வண்டியில் படுத்துத் தூங்கக்கூடாது. போர்டு வைத்திருப்பார்கள், ஆள் வந்து கதவைத் தட்டி அபராதம் போடுவார்கள், அதில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். முறையான இடங்களில் மூன்று வகை உண்டு. காட்டுக்குள் மாநிலப் பூங்காத் துறையான பார்க்ஸ் விக்டோரியா வைத்திருக்கிற எளிய முகாம்கள் ஒரு வகை: லார்னிலிருந்து டீன்ஸ் மார்ஷ் போகிற ரோட்டில் பிக் ஹில், ஃபாரெஸ்ட் ஊருக்கு அந்தப் பக்கம் ஸ்டீவன்சன் ஃபால்ஸ். இவற்றுக்குக் கட்டணமும் முன்பதிவும் இல்லை, முன்னால் வந்தவருக்கு இடம், ஆனால் குடிக்கத் தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அடுத்தது கடலோரத்தில் முன்பதிவு செய்யவேண்டிய முகாம்கள், ஜோஹன்னா பீச், ஏர் ரிவர், பிளாங்கெட் பே போல. பெரும்பாலும் ஒரு இடத்தில் ஆறு பேர் வரை தங்கலாம், அதனால்தான் வேனும் டென்ட்டும் சேர்ந்தது இத்தனை லாபம். பிளாங்கெட் பே ரோடு மண் ரோடு, வாடகை வேனுக்கு உகந்ததில்லை. ஜோஹன்னா என் மனதுக்கு மிகப் பிடித்த இடம், மணல்மேட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டால் ராத்திரி முழுக்க அலைச்சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. மூன்றாவது வகை ஊருக்குள் இருக்கிற கேரவன் பார்க்: வெந்நீர்க் குளியல், துணி துவைக்கிற மெஷின், மின் இணைப்பு. இரண்டு ராத்திரி காட்டில், ஒரு ராத்திரி பார்க்கில் என்று மாற்றி மாற்றிப் போட்டால் உடம்பும் தாங்கும், பர்ஸும் தாங்கும். கிளம்புகிற வாரம் பார்க்ஸ் விக்டோரியா தளத்தில் எது திறந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், புயலுக்கும் மரம் விழுவதற்கும் மூடிவிடுவார்கள்.

சமையலுக்கு வேனில் உள்ள கேஸ் அடுப்பு ஒன்று, ஊர் ஊராகப் பூங்காக்களில் பொதுமக்களுக்கென்று வைத்திருக்கிற மின்சார பார்பெக்யூ இன்னொன்று. பொத்தானை அழுத்தினால் தட்டு சூடாகும், கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும், திரும்ப அழுத்த வேண்டும், காசு கிடையாது. அதில் தோசை ஊற்றலாம் என்று நினைப்பீர்கள். தட்டு நடுவில் எண்ணெய் வடிய ஒரு ஓட்டை இருக்கும், நாலு பக்கமும் அதை நோக்கிச் சரிந்திருக்கும், மாவு ஊற்றினால் அங்கேதான் ஓடும். தோசைக்கு வேன் அடுப்பில் உங்கள் கல்லையே வையுங்கள். பார்பெக்யூ தட்டு பரோட்டாவுக்கும், மசாலா தடவிய கோழிக்கும், வெங்காயம் குடைமிளகாய் வதக்கவும் பிரமாதமாக வரும், ஒரே நேரத்தில் எட்டு பரோட்டா போடலாம். முன்னால் இறைச்சி சுட்டவர்களின் கொழுப்பு ஒட்டியிருக்கும், சைவக்காரர்கள் இருந்தால் பேக்கிங் பேப்பர் விரித்துப் போடுங்கள், முடிந்ததும் சூடு இருக்கும்போதே சுரண்டித் துடைத்துவிட்டு வாருங்கள், அடுத்தவரும் சாப்பிட வேண்டுமே. காலையில் இட்லிப்பொடியோடு தோசை, மதியம் லெமன் சாதமோ தயிர்சாதமோ டப்பாவில், ராத்திரி பூங்காவில் பரோட்டா. வெளிச் சாப்பாடு அப்போலோ பேவில் மீன் வறுவலும் உருளைச் சிப்ஸும் ஒரு நேரம் போதும்.

பொதுக்காசுக்கு ஒரே ஆள் பொறுப்பு. கிளம்பும் முன்பே நான்கு பேரும் ஒரே தொகையைப் போட்டு, டீசலும் மளிகையும் முகாமும் அதிலிருந்து மட்டும் போகட்டும், காபியும் பீரும் அவரவர் கணக்கு. யார் ஓட்டுவது, யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்பதையும் வாட்ஸ்அப்பிலேயே எழுதிப் பேசி முடித்துவிடுங்கள். நல்ல நட்பெல்லாம் கழுவாத பாத்திரத்தில்தான் கசந்துபோகிறது.

வழியில் எங்கெல்லாம் நிற்பது என்று கேட்டால் எல்லா போர்டுக்கும் நிற்க வேண்டாம் என்பேன். ஈஸ்டர்ன் வியூ மர வளைவில் நில்லுங்கள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் சுமார் 3,000 பேர் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்துமாக வெட்டிய சாலை இது, செத்துப்போன தோழர்களுக்கான நினைவுச்சின்னமாகவே இதைப் போட்டார்கள். ஆரம்பத்தில் சுங்கம் வசூலித்தார்கள், 1936-இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகு அது போயிற்று, இன்றைக்கு நீங்கள் காசில்லாமல் ஓட்டுகிறீர்கள். கென்னெட் ரிவரில் யூகலிப்டஸ் மரக்கவைகளை நிதானமாகப் பாருங்கள், கோவாலா உருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். மெய்ட்ஸ் ரெஸ்டில் மழைக்காட்டுக்குள் ஒரு சின்ன நடை, அரை மணி நேரம் போதும்.

ட்வெல்வ் அப்போஸல்ஸுக்கு மதியம் போகாதீர்கள், அப்போதுதான் பஸ்கள் எல்லாம் வந்து குவியும். பிரின்ஸ்டவுனிலோ போர்ட் கேம்பெலிலோ தங்கிவிட்டுச் சாயங்காலம் ஒருமுறை, விடியலில் ஒருமுறை போங்கள், ஆள் நடமாட்டமே குறைவாக இருக்கும். இருட்டுகிற நேரம் கீழே மணலில் சின்னப் பென்குவின்கள் கடலிலிருந்து ஏறி வருவது தெரியும், பைனாகுலர் கொண்டுபோங்கள். பெயரில்தான் பன்னிரண்டு, பாறைகள் அத்தனை எப்போதும் இருந்ததில்லை, இருந்தவற்றிலும் 2005 ஜூலையில் ஒன்று நின்ற இடத்திலேயே நொறுங்கி விழுந்தது. பக்கத்தில் லண்டன் பிரிட்ஜ் என்கிற பாறையும் அப்படித்தான், 1990 ஜனவரியில் கரையோடு சேர்ந்த வளைவு இடிந்து, அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். விளிம்பில் வேலி போட்டிருப்பது இதனால்தான், போட்டோவுக்காக அதைத் தாண்டாதீர்கள். லாக் ஆர்ட் கார்ஜில் படி இறங்கிப் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள், 1878-இல் அங்கே உடைந்த கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர்.

கடலில் இறங்குவதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சிவப்பு மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மட்டும் குளியுங்கள், கோடையில் லார்னிலும் அப்போலோ பேவிலும் காவலர்கள் இருப்பார்கள். ஜோஹன்னாவில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்காதீர்கள், அங்கே உள்ளிழுக்கிற நீரோட்டம் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் கொண்டுபோகும். நம்ம ஊர்ப் பிள்ளைகள் இந்தக் கடற்கரைகளில் மூழ்கி உயிர் விடுவது எத்தனை குடும்பங்களைச் சாய்க்கிறது.

கோடையில் காட்டுத்தீ எச்சரிக்கை தருகிற விக்எமர்ஜென்சி ஆப்பைத் தினமும் காலையில் திறந்து பாருங்கள். 2015 கிறிஸ்துமஸ் நாளில் வை ரிவர், செபரேஷன் கிரீக் இரண்டிலும் சேர்த்து 116 வீடுகள் காட்டுத்தீயில் போயின, ஊருக்கு வெளியே போக அந்த ஒரே சாலைதான். தீத் தடை அறிவித்த நாளில் விறகுத் தீ கூடவே கூடாது, கேஸ் அடுப்புக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆட்வே காட்டுக்குள் போன் சிக்னல் விட்டுவிட்டு வரும், வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள்.

இருட்டியபின் ஓட்டாதீர்கள், கங்காருவும் வாலபியும் திடீரென்று குறுக்கே பாயும், ராத்திரி விபத்துக்கு இன்ஷூரன்ஸ் தராத ஒப்பந்தங்களும் உண்டு. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்குமிடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். நிறுத்தும்போது வண்டியின் மூக்கு தென்மேற்கைப் பார்த்து இருக்கட்டும், காற்று அங்கிருந்துதான் அடிக்கும், பின்கதவைத் திறந்து சமைக்கிறவருக்கு மறைப்பாக இருக்கும். படுக்கும்போது ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் விடிவதற்குள் கண்ணாடியெல்லாம் நீர் கோத்து மெத்தை நனையும். குளிருக்காகக் கேஸ் அடுப்பை உள்ளே எரியவிட்டுத் தூங்கவே கூடாது, கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு வாயுவில் உயிர் போகும். ஆளுக்கு ஒரு நல்ல ஸ்லீப்பிங் பேக்கும் குல்லாவும் போதும்.

கடைசி நாள் முடிந்தால் வார்ணம்பூல் தாண்டி டவர் ஹில் வரை போங்கள், அணைந்த எரிமலைக்குள்ளே ஈமு கோழிகள் உங்கள் வேனுக்குப் பக்கத்திலேயே நடக்கும். திரும்பும்போது வந்த வழியே வராமல் உள்நாட்டுப் பிரின்ஸஸ் ஹைவேயில் கோலாக் வழியாக வந்தால் சாலை நேர், நேரமும் டீசலும் மிச்சம். கோலாக்கில் வண்டியைக் கூட்டித் துடைத்து, வெரிபியில் டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொண்டு, வாடகைக்காரர் கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். சாவியைக் கொடுக்கும் முன் மறுபடியும் அந்த வீடியோ.