தேதிகளை மனப்பாடம் செய்ய ஒரு குறுக்கு வழி

போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது ஆள் ஆளாகப் பிறந்தநாள் எழுதி வைக்காதீர்கள், நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு தேதியைத் தலைப்பாகப் போட்டு அந்தத் தேதியில் வருவதை எல்லாம் அதன் கீழே எழுதுங்கள். அக்டோபர் 2 என்ற பக்கத்தில் காந்தி பிறந்தது 1869, லால் பகதூர் சாஸ்திரி பிறந்தது 1904, காமராஜர் மறைந்தது 1975 என்று மூன்றும் உட்கார்ந்துவிடும். நாளும் மாதமும் ஏற்கெனவே தெரிந்ததுதானே, காந்தி ஜெயந்தி விடுமுறையை யார் மறப்பார்கள், ஆகவே புதிதாக ஏற்ற வேண்டியது வருடம் மட்டும். லிங்கனும் டார்வினும் இன்னும் சுலபம், இருவரும் பிறந்தது 1809 பிப்ரவரி 12, வருடம்கூட ஒன்றே.

இன்றைய காலண்டருக்கு மாறும் முன் இருந்த பழைய காலண்டர் தேதிகளுக்கு இது சரிப்படாது, ஒரே நிகழ்வுக்கு இரண்டு தேதி வந்துவிடும். நியூட்டன் பிறந்தது அன்றைய இங்கிலாந்துக் கணக்கில் 1642 டிசம்பர் 25, இன்றைய கணக்கில் 1643 ஜனவரி 4. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியும் அப்படித்தான், இப்போதைய காலண்டரில் அது நவம்பர் 7. அப்புறம், நிகழ்வுகளைக் கால வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்விக்கு இந்தப் பக்கங்கள் உதவாது, அதற்கு வருட வாரியாகத் தனியாகத்தான் எழுத வேண்டும்.