ஒகேனக்கல் பரிசலை ஸ்கிராட்ச்சில் சுற்றவிடுவது எப்படி?

ஸ்கிராட்ச்சில் (பிளாக்குகளை அடுக்கியே நிரல் எழுதும் மென்பொருள்) கேம் செய்யலாம் என்று உட்காருகிறவர்கள் பலர் முதல் நாளே படம் வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள். அருவி, பாறை, லைஃப் ஜாக்கெட் போட்ட குடும்பம் எல்லாம் அழகாக வந்துவிடும். அசைத்துப் பார்த்தால் உப்புச்சப்பில்லாமல் இருக்கும். இவ்வளவு வரைந்துவிட்டோமே என்று தூக்கிப் போடவும் மனசு வராது. அதனால் இங்கே படம் வரையும் வேலை கிட்டத்தட்ட இல்லை. ஒரு வட்டம், அதில் ஒரு புள்ளி, பின்னால் இரண்டு எண்கள். அவ்வளவுதான்.

பரிசலைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. தர்மபுரி பக்கம் இருப்பவர்களுக்கு அதன் அசைவைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூங்கிலில் பின்னிய வட்டம். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஒரே பக்கமாகத் துடுப்பு போட்டால் சுற்றும். துடுப்பை எடுத்த பிறகும் கொஞ்சம் சுற்றும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலையே.

படி 1: கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள்

பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு இரண்டு கரைகளை வரையுங்கள். பாட்டில் மூடிதான் பரிசல். அதன் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி. தம்பியோ தங்கையோ ஆடட்டும், நீங்கள் கம்ப்யூட்டர். அவர்கள் “இடது”, “வலது” என்று மட்டும் சொல்லலாம். நீங்கள் மூடியைக் கால் சுற்று திருப்பி, ஒரு விரல் அகலம் கீழே தள்ள வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, சலுகை காட்டக் கூடாது.

கொஞ்ச நேரத்தில் சலித்துவிடும். அப்போது விதியை மாற்றுங்கள்: ஒரே பக்கத்தை இரண்டு தடவை சேர்ந்தாற்போல் சொன்னால் அரைச் சுற்று. ஆடுபவர் சிரித்தாலோ சண்டைக்கு வந்தாலோ அந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள். ‘உம்’ என்று இருந்தால் அடித்துவிடுங்கள். காகிதத்தில் அடிப்பதற்குச் செலவே இல்லை.

படி 2: சுற்றும் வட்டம்

ஸ்கிராட்ச் 2007-இல் எம்ஐடி மீடியா லேபிலிருந்து வந்த இலவச மென்பொருள். பிரவுசரிலேயே ஓடும். பென்னாகரம் தாண்டி நெட் இழுவையாக இருக்கும் இடமென்றால் ஆஃப்லைன் செயலியை ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

திறந்ததும் மேடையில் நிற்கும் பூனையை அழித்துவிட்டு, பெயின்ட் பகுதியில் நடுவில் உள்ள குறியை மையமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். ஓரத்தில் ஒரு புள்ளி கட்டாயம் வேண்டும். வெறும் வட்டம் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

வேரியபிள்ஸ் பகுதியில் (வேரியபிள் என்றால் மாறும் எண்ணைப் போட்டு வைக்கும் பெட்டி) ‘சுழற்சி’ என்று ஒன்று உருவாக்குங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம். பச்சைக்கொடி பிளாக்குக்குக் கீழே, முதலில் சுழற்சியை 0 ஆக்கி, அதன்பின் ஒரு ஃபாரெவர் (உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யும் பிளாக்). அதற்குள் இந்த வரிசையில்:

- வலது அம்புக்குறியை அழுத்தினால், சுழற்சியை 1 கூட்டு
- இடது அம்புக்குறியை அழுத்தினால், சுழற்சியை -1 கூட்டு
- ‘சுழற்சி’ டிகிரி திரும்பு
- சுழற்சி = சுழற்சி × 0.9

கடைசி வரிதான் தண்ணீர். அதை எடுத்துவிட்டு ஓட்டினால், அம்புக்குறிச் சாவியை விட்ட பிறகும் வட்டம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இனி 0.9-ஐத் தொட்டுப் பாருங்கள். 0.5 என்றால் சாவியை விட்டதும் பொத்தென்று நிற்கும். தரையில் இழுக்கிற மாதிரி இருக்கும். 0.9-இல் சாவியை அழுத்திப் பிடித்தால் ஒரு ஃபிரேமுக்கு (ஃபாரெவரின் ஒரு சுற்றுக்கு) 10 டிகிரி வரை ஏறி அதற்கு மேல் போகாது. 0.99 வைத்தால் அந்த உச்சம் 100 டிகிரி; புள்ளி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. எனக்கு 0.93 பக்கம் பிடித்தது. உங்கள் கைக்கு வேறு வரலாம். எண்ணை மாற்றியதும் யோசிக்காமல் ஓட்டிப் பாருங்கள், கணக்கை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

படி 3: ஆற்றைத் திறந்துவிடுதல்

‘ஓட்டம்’ என்று இன்னொரு வேரியபிள். ஃபாரெவருக்குள், பரிசல் மேடையில் எவ்வளவு மேலே கீழே இருக்கிறது என்று சொல்லும் ‘ஒய்’-ஐ (0 - ஓட்டம்) அளவு மாற்றுங்கள். ஒய் -170-க்குக் கீழே போனால் 170-க்குக் கொண்டுவாருங்கள். ஸ்கிராட்ச் மேடை 480-க்கு 360. ஒய் 180-இல் தொடங்கி -180 வரை, அதனால்தான் இந்த எண்.

மேடையில் தெரியும் ‘ஓட்டம்’ பெட்டியில் ரைட் கிளிக் செய்து ஸ்லைடராக்கி, வரம்பை 0 முதல் 20 என்று வையுங்கள். இப்போது கேம் ஓடும்போதே தண்ணீரைக் கூட்டிக் குறைக்கலாம். ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் இங்கே என்ன ஆகும் என்பது தெரிந்ததுதானே? அதையும் விதியாக்குவோம்: ஓட்டம் 12-க்கு மேல் போனால், சுழற்சியுடன் -2 முதல் 2 வரை ஏதாவது ஒரு ரேண்டம் எண்ணைக் கூட்டு. பரிசல் சொல்பேச்சுக் கேட்காது. நிஜத்தில் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். அப்படியே கேமிலும் சாவியை முடக்கினால் ஆடுபவர் கைகட்டி உட்கார்ந்திருப்பார். தலைசுற்றுவதே மேல்.

படி 4: அடுத்தவர் கையில் கொடுங்கள்

“அக்கா, இதை அழுத்துங்க, அப்புறம் அதை...” என்று ஆரம்பிக்காதீர்கள். லேப்டாப்பை நகர்த்தி வைத்துவிட்டு, திரையை விட்டு அவர் விரலைப் பாருங்கள். மேல் அம்புக்குறியை அழுத்துகிறாரா? ஆற்றை எதிர்த்துப் போகலாம் என்று நினைக்கிறார் என்று அர்த்தம். உங்கள் திட்டத்தில் அது இல்லாவிட்டால் என்ன, ஒரு காப்பி எடுத்துச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு கிறுக்கு யோசனைக்கும் தனிக் கோப்பு. பெயர் ‘புதுசு2’ என்று வேண்டாம், ‘எதிர்நீச்சல்’, ‘தலைசுற்றல்’ என்று வையுங்கள். அடுத்த வாரம் தேடும்போது தெரியும்.

படி 5: சத்தம் போட்டால் வெள்ளம்

சென்சிங் பகுதியில் லவுட்னெஸ் என்று ஒரு பிளாக் உண்டு. மைக்கில் கேட்கும் சத்தத்தை 0 முதல் 100 வரை எண்ணாகத் தரும். ஸ்லைடருக்குப் பதிலாக, ஃபாரெவருக்குள் ஓட்டம் = லவுட்னெஸ் ÷ 5 என்று வைத்துக் கத்துங்கள். மைக்குக்கு அனுமதி தராவிட்டால் அது -1 என்று காட்டும்; பரிசல் மெதுவாக மேட்டூரை விட்டுவிட்டு கர்நாடகா பக்கம் ஏறும்! அனுமதி தந்த பிறகு, யாரும் பேசாமலே ஆறு ஓடினால் அது ஃபேன் சத்தம். லவுட்னெஸ் பக்கத்தில் உள்ள கட்டத்தை டிக் செய்து, ஃபேன் ஓடும்போது எந்த எண் காட்டுகிறதென்று பாருங்கள். அதைவிட ஐந்து கூட்டி ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேல் போனால் மட்டும் ஓட்டத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் ஓட்டம் 0.