பழைய காருக்கு முழு பெயிண்ட்: பணம் எங்கே போகிறது

15 வருடம் ஓடிய மாருதி 800 மாதிரியான சின்ன காருக்கு முழு பெயிண்ட் என்றால், பெயிண்ட் விலையை மட்டும் கேட்டுக் கணக்குப் போடாதீர்கள். பெரிய செலவு டிங்கரிங்கில்தான், அதாவது துரு, நசுங்கல் சரிசெய்யும் தகடு வேலையில். கதவின் அடிப்பகுதி, வீல் ஆர்ச், மிதியடிக்குக் கீழே உள்ள தகடு, இங்கெல்லாம் துரு இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பாருங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்த்தால், ஒட்டாத இடத்தில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யாமல், மேலே பட்டி பூசி மூடச் சம்மதிக்கவே வேண்டாம், சில மாதத்திலேயே குமிழ் விடும்.

அப்புறம் பெயிண்ட். என்சி (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்) மலிவு, ஆனால் சீக்கிரம் மங்கும். 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) கூடுதல் விலை என்றாலும் வெயில் தாங்கும், என்னைக் கேட்டால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். மெட்டாலிக் நிறத்துக்கு மேலே கிளியர் கோட்டும் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) வேண்டும், செலவு ஏறும்.

பழைய நிறத்தையே அடிப்பது லாபம். நிறம் மாற்றினால் கதவு இடுக்கு, பானட் உள்பக்கம் எல்லாம் அடிக்க வேண்டும், ஆர்டிஓவில் ஆர்சியிலும் மாற்ற வேண்டும்.

கொட்டேஷனைத் தகடு வேலை, பெயிண்ட், கூலி, புது ரப்பர் பீடிங் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ப்ரைமர் (அடிப்பூச்சு) அடிக்கும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், துரு போயிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.