ஐ.எஃப்.எஸ். கனவு: விசாரிக்கும்போதே தடம் மாறும் இடங்கள்

சேலத்தில் ஒரு பிள்ளை "ஐ.எஃப்.எஸ். ஆகணும்" என்று சொன்னால், கேட்கிற பத்துப் பேரில் பாதிப் பேருக்கு ஏற்காட்டு மலையும் வனத்துறை ஜீப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். பிள்ளை சொன்னது இந்திய வெளியுறவுப் பணியை, அதாவது தூதரக வேலையை. ஆனாலும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வனப்பணி அதிகாரிகளும் பெயருக்குப் பின்னால் ஐ.எஃப்.எஸ். என்றுதான் போட்டுக்கொள்கிறார்கள். 2013 முதல் இரண்டு பணிகளுக்கும் முதல்நிலைத் தேர்வுகூட ஒன்றுதான். அதற்கப்புறம்தான் பாதை பிரிகிறது. வனப்பணிக்கு அறிவியல், வேளாண்மை, பொறியியல் என்று குறிப்பிட்ட படிப்புகள் வேண்டும். வெளியுறவுப் பணிக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும்.

அம்மாபேட்டையில் இருக்கும் என் சித்தி மகள் பி.காம். இரண்டாமாண்டு. தூதரக வேலை பற்றி விசாரிக்க ஆரம்பித்த முதல் வாரமே, "அண்ணா, காமர்ஸ் படிச்சவங்க எழுத முடியாதாம்" என்று சோர்ந்துபோய் வந்தாள். அவள் படித்தது வனப்பணியின் தகுதிப் பட்டியல். யாரோ போட்ட வீடியோவில் இரண்டையும் கலந்து கட்டியிருந்தார்கள். இந்தத் தேர்வை நடத்தும் மத்தியத் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி. ஆண்டுதோறும் வெளியிடும் அறிவிக்கையைத் திறந்து படிப்பதுதான் முதல் வேலை. நூற்றுக்கும் மேற்பட்ட பக்கம் போகும், அலுப்பாக இருக்கும்; ஆனாலும் அதைவிட நம்பகமானது வேறு கிடையாது.

அடுத்து, இடங்களின் எண்ணிக்கையைப் பார்க்காமலே கனவு காண்பது. 2023ஆம் ஆண்டுத் தேர்வில் ஐ.ஏ.எஸ்.ஸுக்கு 180 இடம், ஐ.பி.எஸ்.ஸுக்கு 200, ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு 37. அடுத்த ஆண்டு அது 55 ஆனது. 2023இல் விண்ணப்பித்தவர்கள் பத்து லட்சத்துக்கு மேல், தேர்வறைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 5.9 லட்சம். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த எண்களைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவர்கள்தான் கையோடு இன்னொரு வழியையும் யோசித்து வைக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வேலை என்னவென்று விசாரிக்காமல் அந்தஸ்து என்னவென்று விசாரிப்பது. கொடி கட்டிய கார், விருந்து, கோட் சூட், 1961 வியன்னா உடன்படிக்கை தரும் சட்ட விலக்கு என்று இவையே பேச்சாகிவிடுகின்றன. வளைகுடா நாட்டில் இந்தியத் தூதரகத்துக்கு ஒரு சாதாரண நாளில் என்ன வேலை என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? கட்டட வேலைக்குப் போன ஒருவர் அங்கே இறந்துபோனால், தூதரகம் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும், பாஸ்போர்ட்டை ரத்து செய்ய வேண்டும், உடலை அனுப்பத் தடையில்லாச் சான்று தர வேண்டும். ஊரிலிருந்து குடும்பத்தின் சம்மதக் கடிதம் வர வேண்டும். சம்பள பாக்கி, இழப்பீடு என்று முதலாளியிடம் மல்லுக்கு நிற்க வேண்டும். சிறையில் இருக்கும் இந்தியரைப் போய்ப் பார்ப்பதும் தூதரகத்தின் வேலைதான். ஆத்தூர்ப் பக்கமும் எடப்பாடிப் பக்கமும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய குடும்பங்கள் இருக்கின்றன. இந்த வேலையின் மறுமுனை கலெக்டர் அலுவலக மனுநாளில் நிற்கிறது. வெளிநாட்டில் சிக்கியவர்களின் உறவினர் தரும் மனு, மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறை வழியாகவும் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' குறைதீர் இணையதளம் வழியாகவும் தூதரகத்துக்குப் போகிறது. இளம் அதிகாரி ஒருவர் தன் முதல் பதவியிலேயே இந்தக் கோப்புகளைப் பார்க்க நேரலாம். 2022இல் உக்ரைனிலிருந்து நம் மருத்துவ மாணவர்களை ஆபரேஷன் கங்கா அழைத்து வந்தபோது, எல்லையில் பெயர்ப்பட்டியலும் பேருந்து ஏற்பாடுமாக நின்றவர்களில் இப்படிப்பட்ட அதிகாரிகளும் இருந்தார்கள். இந்தப் பகுதியைப் படித்துவிட்டு ஒருவருக்கு ஆசை குறைந்தால், அது இப்போதே தெரிந்ததில் நஷ்டமில்லை.

இன்னொரு முனையில், வெளிநாட்டோடு பேசுகிற எல்லாப் பேச்சும் வெளியுறவு அதிகாரிதான் பேசுகிறார் என்ற நினைப்பு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எவரும் வெள்ளி விலையைத் தினமும் பார்ப்பார்கள். இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் இடையே 2022 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தில், வெள்ளி இறக்குமதிக்குப் படிப்படியான வரிச்சலுகை இருக்கிறது. 88 நாளில் பேசி முடித்த ஒப்பந்தம் என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அதை முன்னின்று பேசியது வணிக அமைச்சகம். அங்கே ஐ.ஏ.எஸ். அதிகாரிகளும் இந்திய வர்த்தகப் பணி அதிகாரிகளும் இருக்கிறார்கள். தூதரகம் உள்ளூர் நிலவரம் சொல்லும், சந்திப்புகளுக்கு ஏற்பாடு செய்யும். ஏற்காட்டுக் காபிக்கும் இதே கதை. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததில்லை என்று தோட்டத்தின் இருப்பிட விவரத்தோடு நிரூபிக்கச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2023இல் வந்தது. அமலாகும் தேதி தள்ளிப்போனாலும் கவலை போகவில்லை. அதை எதிர்கொள்ளும் காபி வாரியமும் வணிக அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறது. ஆகவே வர்த்தகப் பேச்சுவார்த்தைதான் பிடித்திருக்கிறது என்றால், எந்த அமைச்சகம், எந்தப் பணி என்று முதலில் பார்க்க வேண்டும். வணிகவியல் படிக்கிற பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. பட்டறைக்காரர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தபிறகுதான் என் சித்தி மகளுக்கு அந்த ஒப்பந்தத்தையே படிக்கத் தோன்றியது.

தூதர்களின் வாழ்க்கை வரலாற்றை அப்படியே வழிகாட்டியாக எடுத்துக்கொள்வதிலும் சிக்கல் உண்டு. பழைய சேலம் மாவட்டத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1949 முதல் 1951 வரை இந்தோனேசியாவில் இந்தியத் தூதர். நம்மூர்ப் பெருமை என்று மேடையில் சொல்லலாம். ஆனால் அவர் தேர்வெழுதி மேலே வந்தவரில்லை. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த அரசியல் தலைவர்; அவரைத் தூதராக அரசு நியமித்தது. இன்றும் சில நாடுகளுக்கு அப்படி வெளியாட்களை நியமிப்பதுண்டு. அதேபோல 'ஐ.நா.வில் வேலை' என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். டி.எஸ். திருமூர்த்தி 2020 முதல் 2022 வரை நியூயார்க்கில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தார். அவர் இந்திய அரசின் ஐ.எஃப்.எஸ். அதிகாரி. ஐ.நா. தலைமைச் செயலகத்தின் ஊழியர்களோ ஐ.நா.வே தனியாகத் தேர்ந்தெடுப்பவர்கள்.

பிரெஞ்சு வகுப்பில் பணத்தைக் கட்டிவிட்டு வந்து யோசனை கேட்பவர்களும் இருக்கிறார்கள். மொழி கற்பது நல்லதுதான், தேர்வுக்கு மட்டும் உதவாது. பிரெஞ்சு இலக்கியம் இப்போது விருப்பப் பாடப் பட்டியலில் இல்லை. பணியில் சேர்ந்து, முசோரியிலும் டெல்லியில் உள்ள சுஷ்மா சுவராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்திலும் பயிற்சி முடித்த பிறகு, அரசே ஒரு வெளிநாட்டு மொழியை ஒதுக்கிக் கற்றுக்கொடுக்கும். கல்லூரிகளில் நடக்கும் மாதிரி ஐ.நா. சபைப் பதக்கங்களுக்கும் மதிப்பெண் கிடையாது. கூச்சம் போகும், அவ்வளவுதான்.

"இங்கிலீஷ் மீடியம் இல்லையே" என்று ஒதுங்குவதும் முன்கூட்டியே தோற்பதுதான். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம், நேர்முகத் தேர்விலும் தமிழில் பேசலாம். ஆனால் முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருக்கும். முதன்மைத் தேர்வில் 300 மதிப்பெண் ஆங்கிலத் தாளில் குறைந்தபட்சத் தேர்ச்சியும் கட்டாயம். ஆகவே ஆங்கிலத்தை வேகமாக வாசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் இல்லாமல் முடியாது. இந்தப் பாதியை மறைத்துவிட்டுத் தமிழிலேயே ஜெயிக்கலாம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வீட்டில் பேசாமல் விடுவது இன்னொன்று. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடு மாறும், நடுவில் டெல்லி. பெண் பிள்ளை என்றால் கல்யாணக் கேள்வி கட்டாயம் வரும். 1949இல் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா காலத்தில், திருமணத்துக்குப் பெண் அதிகாரி அரசின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும் என்று விதியே இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளின் பாரபட்சத்தைக் கடுமையாகக் கண்டித்தார். இன்று அந்தத் தடை இல்லை. துணைவரின் வேலை, வயதான பெற்றோர், குழந்தைகளின் பள்ளி மாற்றம் ஆகியவை இருக்கின்றன. இவற்றைச் சித்தியிடம் முதல் நாளே பேசிவிடும்படி நான் சொன்னேன். முதலில் கொஞ்சம் சத்தம், பிறகு கேள்விகள்.

'கிடைத்ததில் சேர்ந்துவிட்டு அடுத்த வருடம் ஐ.ஏ.எஸ்.ஸுக்கு மாறிக்கொள்ளலாம்' என்று சிலர் கணக்குப் போடுவார்கள். ஐ.ஏ.எஸ்.ஸிலோ ஐ.எஃப்.எஸ்.ஸிலோ சேர்ந்து அதிலேயே இருப்பவர் மறுபடி இந்தத் தேர்வை எழுத முடியாது. விருப்ப வரிசையில் எதை மேலே போடுகிறீர்கள் என்பது அதனால்தான் முக்கியம். வெளியுறவு அமைச்சகத்துக்குள் நுழைய வேறு கதவும் உண்டு: மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் வழியே அங்கே உதவிப் பிரிவு அலுவலர் ஆகலாம், வெளிநாட்டுத் தூதரகங்களிலும் பணியாற்றலாம். பயிற்சி மையங்களில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில், தகுதித் தேர்வில் தேறும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தயாரிப்புக்காக மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். பல லட்சம் கட்டி டெல்லிக்கு ரயிலேறும் முன் இதற்கு விண்ணப்பியுங்கள்.

கடைசியாகச் சான்றிதழ். நம் மாவட்டத்தில் பெரும்பாலான பிள்ளைகளிடம் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இருக்கும். அது மாநில அரசுக்கானது. யு.பி.எஸ்.சி.க்கு மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும்; அறிவிக்கை சொல்லும் காலத்துக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். இதைக் கோட்டைவிட்டால் 35 வயது வரம்பும் ஒன்பது முயற்சிகளும் 32 வயது, ஆறு முயற்சி என்று சுருங்கிவிடும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இ-சேவை மையத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் என்றே தனியாகக் கேட்டு விண்ணப்பியுங்கள்.